அப்துல் ரஹ்மான் கிழிக்காத புத்தகம்

பள்ளி மண்டபத்தின் முன்வரிசையில், மூன்றாவது நாற்காலியில், லுத்ஃபியாவின் பெயரை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'சுலைஹாவின் மகள்' என்று போட்டிருந்தது. உட்காருவதற்கு முன் அந்தத் தாளை அவள் இரண்டு தடவை வாசித்தாள். அம்மா இறந்து பதினைந்து வருஷமாகிறது. இந்தக் கட்டடத்துக்குள் ஒருநாள் உன் பெயரை எழுதி ஒட்டுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மாவே நம்பியிருக்க மாட்டாள்.

மலாக்கா ஏஷ்வுட் பெண்கள் பள்ளிக்கு அன்று நூற்று முப்பதாவது ஆண்டு விழா. கிளேபாங்கிலிருந்து கிராப் டாக்சி பிடித்து லுத்ஃபியா காலை எட்டரைக்கே வந்துவிட்டாள். வாசலில் பள்ளியின் வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முந்நூறு பக்கம், கெட்டி அட்டை. அட்டையில் 'தேவிஸ்ரீ' என்ற பெயரைப் பார்த்ததும் தன் வீட்டுப் பெண்ணின் பெயரைப் பார்த்த மாதிரி அவளுக்கு மனம் பூரித்தது. உள்ளே புரட்டவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசிக்க வேண்டும் என்று மடியில் வைத்துக்கொண்டாள்.

தேவிஸ்ரீ மேடையோரம் நின்று மைக்செட்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். லுத்ஃபியா கையைத் தூக்கினாள். அவள் பார்த்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் இறங்கி வரவில்லை. வேலை தலைக்கு மேல் இருக்கும், பாவம் என்று லுத்ஃபியா நினைத்துக்கொண்டாள்.

தேவிஸ்ரீ அந்தப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். ஐம்பத்து மூன்று வயது. சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்து, பிறகு இதே ஏஷ்வுட்டில் சேர்ந்து, கடைசியில் இங்கேயே ஆசிரியையாக வந்தவள். ஆறு வருஷத்துக்கு முன் பள்ளியின் வரலாற்றை எழுதக் கிளம்பினாள். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் 1930ஆம் ஆண்டில் 'சுலைஹா, துணிக்கடை அப்துல் ரஹ்மானின் மகள்' என்ற ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. ஊரெல்லாம் விசாரித்து லுத்ஃபியாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அந்தக் காலத்துல தமிழ் முஸ்லிம் வீட்டுல இருந்து வந்த ஒரே ஒரு பொண்ணு அக்கா. எட்டு வருஷம் அவுங்கதான் கிளாஸ்ல முதல். அதுக்கப்புறம் பேரே காணோம். என்னாச்சு?"

லுத்ஃபியா அன்று பேச்சை மாற்றினாள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆனால் தேவிஸ்ரீ மறுபடியும் வந்தாள். அந்தப் பள்ளியின் கதையை அவளே உட்கார்ந்து சொன்னாள். ஆரம்பத்தில் அங்கே பெண்களுக்குத் தையலும் பூவேலையும் பாட்டும் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். 1912இல் மிஸ் ஏஷ்வுட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். பையன்கள் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வையே பெண்களும் எழுதட்டும் என்று கணக்கும் லத்தீனும் பூகோளமும் வைத்தார். தையல் ஊசி பிடிக்க வேண்டிய கையில் கவராயத்தைக் கொடுக்கிறார் என்று ஊர் சிரித்தது. முதல் வருஷம் நான்கு பேர் எழுதி நான்கு பேரும் தேறினார்கள். பிற்பாடு பள்ளிக்கே அவர் பெயர் வந்தது. தேவிஸ்ரீ இதையெல்லாம் சொல்லும்போது அந்த நாலு பேரும் தன்னுடைய பெரியம்மா சின்னம்மா மாதிரி முகம் மலர்ந்து போவாள்.

இப்படித்தான் பழக்கம் வேர் பிடித்தது. லுத்ஃபியாவின் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஃபாத்திஹா கோலாலம்பூரில். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தது தேவிஸ்ரீதான். உம்பாய்க் கடற்கரைக்குப் போனால் லுத்ஃபியாவுக்கும் சேர்த்து மீன் வாங்கிச் சுத்தம் செய்து கொண்டுவருவாள். நாலு மாதம் கழித்து ஒருநாள் லுத்ஃபியா அலமாரியைத் திறந்து, அம்மா விட்டுப்போன உறையை எடுத்து அவள் முன் வைத்தாள்.

அப்துல் ரஹ்மான் லுத்ஃபியாவின் அம்மாவைப் பெற்ற அத்தா. நன்னா என்று கூப்பிடுவாள். அவர் காலமாகும்போது அவளுக்கு ஆறு வயது. மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். ஒரே மகளை வெள்ளைக்காரப் பள்ளிக்கு அனுப்புகிறாரே என்று ஜமாஅத்தில் பேசினார்கள். சிலர் கடைப் பக்கமே வராமல் நின்றுகொண்டார்கள். அவர் அசையவில்லை. சைக்கிளின் பின்னால் மகளை உட்காரவைத்து, மழையானாலும் வெயிலானாலும் தானே கொண்டுபோய் விடுவார். எட்டு வருஷம் அப்படித்தான். சுலைஹா ஜூனியர் கேம்பிரிட்ஜில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அடுத்தது சீனியர் வகுப்பு. பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் இடம்.

அந்த வருஷம் மிஸ் பெல்லமி என்பவர் புதுத் தலைமையாசிரியையாக வந்திருந்தார். உறைக்குள் இருந்தது அவர் எழுதிய கடிதம். சுலைஹா கெட்டிக்காரி என்பதில் ஐயமில்லை, ஆனால் உங்கள் சமூகத்துப் பெண்கள் சீக்கிரமே மணமாகிப் போவதால் பன்னிரண்டு இடங்களில் ஒன்றை அவளுக்குக் கொடுப்பது வீண் என்று பள்ளி கருதுகிறது, விருப்பமிருந்தால் தையல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அதன் பின்பக்கத்தில் அப்துல் ரஹ்மான் தமிழில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

'பிப்ரவரி 3 போனேன். பார்க்கவில்லை. 10 போனேன். வாசலில் நிற்க வைத்தார்கள். 17 போனேன். முடியாது என்றார்கள்.'

அதற்குப் பிறகு அவர் சிங்கப்பூரிலிருந்து சீனியர் வகுப்புப் புத்தகங்களை வரவழைத்தார். ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரைக் கடை மாடிக்கு வரவைத்து இரண்டு வருஷம் பாடம் சொல்லவைத்தார். ஆனால் பள்ளியின் கையெழுத்தில்லாமல் தேர்வுக்கு உட்கார முடியாது என்றார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். எல்லாம் முடிந்தது. சுலைஹா கடைசிவரை அந்தப் பள்ளி இருக்கும் சாலையில் போகும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். மகளை அங்கே சேர்க்கவுமில்லை. காரணத்தையும் சாகிற வருஷம்தான் சொன்னாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு அன்று தேவிஸ்ரீ அழுதாள். லுத்ஃபியாதான் தேற்றினாள்.

"எங்கம்மாவைப் பெருசா எழுத வேணாம் தேவி. நன்னாவைப் பத்தி மட்டும் சரியா எழுது. அந்த மனுஷன் மூணு தடவ வாசல்ல நின்னாரு. அதை யாராச்சும் தெரிஞ்சிக்கட்டும்."

"சத்தியமா எழுதுறேன் அக்கா. கடிதத்தை நான் கொண்டு போய் ஸ்கேன் பண்ணிட்டு..."

"கொண்டு போ. நீ வேற ஆளா என்ன?"

சொந்த அண்ணன் மகன் ரிதுவானிடம்கூடக் காட்டாத கடிதத்தை அப்படித்தான் அவள் தூக்கிக் கொடுத்தாள்.

விழாவில் பேச்சுகள் முடிந்து நாடகம் தொடங்கியது. மாணவிகள் ஆங்கிலத்தில் நடித்தார்கள். புத்தகத்திலிருந்து எடுத்த காட்சிகள் என்று அறிவித்தார்கள். மிஸ் ஏஷ்வுட் வந்தார், நான்கு பெண்கள் தேர்வு எழுதினார்கள், கைதட்டல். அடுத்த காட்சியில் தலையில் முக்காடு போட்ட சிறுமி ஒருத்தி மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். 'சுலைஹா, 1938' என்று ஒருத்தி அட்டையைப் பிடித்துக் காட்டினாள். லுத்ஃபியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிதுவான் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான்.

ஒட்டுத் தாடியும் தொப்பியுமாக ஓர் ஆள் மேடைக்கு வந்தார். தாடி வேஷம் போட்ட பிள்ளை தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு லத்தீன் எதற்கு, கணக்கு எதற்கு என்று கத்தினாள். மேசை மேலிருந்த பச்சை அட்டைப் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தாள். கிழித்ததை அடுப்பு மாதிரி செய்து வைத்திருந்த பெட்டிக்குள் போட்டாள். நீண்ட அங்கி போட்ட மிஸ் பெல்லமி ஓடிவந்து, "ஐயா, இவள் எங்கள் பள்ளியின் நட்சத்திரம், இவளை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள்" என்று கெஞ்சினார். தாடிக்கார அத்தா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். விளக்கு அணைந்தது. மண்டபமே கைதட்டியது.

ரிதுவான் போனைக் கீழே இறக்கிவிட்டான்.

லுத்ஃபியாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. மேடையில் வந்தவர் வேறு யாரோ, வேறு ஒரு சுலைஹாவின் அத்தா என்றுதான் தோன்றியது. மறுபக்கத்து நாற்காலியில் இருந்த கணேஸ்வரன் குனிந்து அவள் பக்கம் பேசினார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், புத்தகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

"பாவம் உங்கம்மா. அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் லா. நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

பிறகு திரையை விலக்கிப் பலகையைத் திறந்து வைத்தார்கள். புதுப்பித்த மண்டபத்துக்கு 'பெல்லமி மண்டபம்' என்று பெயர். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லுத்ஃபியாவும் எழுந்து நின்றாள். எழுந்த பிறகு, ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தேநீர் இடைவேளையில், தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாணவி ஓடிவந்தாள். தமிழ்ப் பிள்ளை. பதினைந்து வயது இருக்கும். மோவாயில் பசை இன்னும் காயாமல் மினுங்கியது.

"ஆன்ட்டி, நான்தான் உங்க தாத்தா! நல்லா பண்ணேனா? ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா ஆன்ட்டி?"

லுத்ஃபியா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு என்ன தெரியும்? எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி நடித்திருக்கிறது.

"எடுத்துக்கம்மா" என்றாள்.

படத்துக்காகச் சிரித்தும் வைத்தாள். பிள்ளை நன்றி சொல்லிவிட்டு ஓடியது. லுத்ஃபியா அங்கேயே ஒரு தூணோரம் நின்று புத்தகத்தைப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மேடையில் நடந்ததெல்லாம் அப்படியே அதில் இருந்தது. தாடி, கத்தல், பச்சை அட்டைப் புத்தகம், அடுப்பு. கடைசியில் 'இந்த விவரங்களைத் தந்து உதவிய சுலைஹாவின் மகள் லுத்ஃபியாவுக்கு நன்றி' என்று அடிக்குறிப்பு.

அதைப் படித்ததும்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. கதையை மாற்றி எழுதியதோடு விடவில்லை. அதைச் சொன்னது நீதான் என்றும் எழுதி வைத்திருக்கிறாள்.

தேவிஸ்ரீயை அவள் சரித்திர அறையில் பிடித்தாள். யாருமில்லை. மேசை மேல் புத்தகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. லுத்ஃபியாவைக் கண்டதும் தேவிஸ்ரீ எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தை நீயா எழுதின?"

"ஆமா அக்கா."

"வேற யாராச்சும் மாத்திட்டாங்களோன்னுதான் கேக்குறேன்."

"இல்ல. நான்தான்."

அவள் இல்லை என்று சாதித்திருந்தால் லுத்ஃபியா நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகத்தான் அந்த அறைக்கே வந்தாள். அதற்குக்கூட வழி வைக்காமல் தேவிஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"கமிட்டியில உங்கம்மா கதையே வேணாம், எடுத்துடுன்னாங்க அக்கா. பெல்லமி பேர்ல மண்டபம் தொறக்கிறோம், அவுங்க குடும்பத்துல இருந்து இங்கிலாந்துல இருந்து ஆள் வர்றாங்க, அதே புத்தகத்துல அவுங்க ஒரு பொண்ணை வெளிய தள்ளுனாங்கன்னு எப்படிப் போடுறதுன்னு கேட்டாங்க. உங்கம்மாவை எடுக்க எனக்கு மனசு வரல. அவுங்க பேரு இருக்கணும்னு நெனச்சேன்."

"அதனால எங்க நன்னாவைப் புடிச்சி உள்ள போட்டுட்ட."

"அப்பா தடுத்தாருன்னு எழுதினா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஸ்கூல் தடுத்துச்சுன்னு எழுதினா ஆதாரம் எங்க, சாட்சி எங்கன்னு நூறு கேள்வி வரும்."

"ஆதாரத்தைத்தானே உன் கையில கொடுத்தேன்."

தேவிஸ்ரீ ஒரு பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். வெளியே மாணவிகள் சிரித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. லுத்ஃபியா புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"சரி, தடுத்தாருன்னு எழுதின. அதோட நிறுத்தியிருக்கலாமில்ல? பச்ச அட்டை ஜியாமெட்ரி புக்குன்னு எழுதியிருக்க. ரெண்டாக் கிழிச்சாருன்னு எழுதியிருக்க. முதல் பாதி உடனே பிடிச்சிக்கிச்சு, ரெண்டாவது பாதி புகைஞ்சிக்கிட்டே இருந்துச்சுன்னு எழுதியிருக்க. இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா? நான் சொல்லலியே."

தேவிஸ்ரீ அந்த விரலையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பார்த்தேன்."

"எங்க?"

"எங்க வீட்டுல. எஸ்டேட்டுல. எங்கக்கா இருசம்மாள் ஃபார்ம் டூ படிச்சா, பதினாலு வயசு. என்னை விட நல்லாப் படிப்பா. ஒரு நாள் சாயங்காலம் எங்கப்பா வேல விட்டு வந்து, நாளையில இருந்து பால்மரம் சீவ வான்னு சொன்னாரு. மாட்டேன்னா. புக்கைப் புடுங்கிக் கிழிச்சி அடுப்புல போட்டாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. நான் அடுப்புக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"அதை எழுத வேண்டியதுதானே?"

"எப்படி அக்கா எழுதுறது? எங்கப்பாவுக்கு இப்ப எண்பத்தெட்டு வயசு. என் வீட்டுலதான் இருக்காரு. காலைல நான்தான் கஞ்சி ஊத்திக் கொடுக்குறேன். எங்கப்பா காளிதாஸ் இப்படிச் செஞ்சாருன்னு நானே புத்தகத்துல போட்டுட்டு, அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதனால செத்துப்போனவர் பேரைப் போட்டுட்ட. அவர் எழுந்து வந்து கேக்க மாட்டாருல்ல."

தேவிஸ்ரீ அழ ஆரம்பித்தாள். ஆறு வருஷத்துக்கு முன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுத அதே அழுகைதான். அன்று அது அம்மாவுக்காக என்று லுத்ஃபியா நினைத்திருந்தாள். தன் அக்காவுக்காகத்தான் அழுதிருக்கிறாள். அதில் தப்பில்லை. ஆனால் அதை வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. தன் கதை ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லியாயிற்று. அவள் கதை ஒன்றுகூடத் தன்னிடம் வரவில்லை.

"கடிதம் எங்க இருக்கு?"

"வீட்டுல. பத்திரமா இருக்கு."

"திங்கக்கிழமை எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு லுத்ஃபியா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ரிதுவான் தன் காரில் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனான். டவுனில் அவன் இப்போது நடத்தும் துணிக்கடைப் பலகையில் இன்றைக்கும் அப்துல் ரஹ்மான் என்றுதான் இருக்கிறது. சாலை விளக்கில் நின்றபோது அவன் சொன்னான்.

"மாமி, பேரைக் கொடுத்தது நீங்க. கடிதத்தைக் கொடுத்ததும் நீங்க. எங்க யாருக்கும் காட்டல. அப்படி ஒரு கடிதம் இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நாளைக்கு கஸ்டமர் வந்து, பொண்ணோட புக்கைக் கிழிச்சவர் இவர்தானான்னு பலகையைக் காட்டிக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அவன் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வீடு வந்ததும் இறங்கி உள்ளே போய், விழாவுக்கென்று உடுத்தியிருந்த பாஜு கூரோங் உடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை வாசலில் நின்ற மனுஷனை நான்காவது தடவை தானே கூட்டிக்கொண்டு போய், நானூறு பேர் முன்னால் நிறுத்திக் கைதட்டச் செய்துவிட்டதாகத் தோன்றியது.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு தேவிஸ்ரீயின் கார் வந்து நின்றது. லுத்ஃபியா கேட்டைத் திறந்தாள். ஆனால் வழியை விட்டு விலகவில்லை. இரண்டு பேரும் கேட்டருகிலேயே நின்றார்கள். தேவிஸ்ரீ பிளாஸ்டிக் உறையில் கடிதத்தைக் கொடுத்தாள். லுத்ஃபியா அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"இன்னொன்னும் கொண்டு வந்திருக்கேன் அக்கா." தேவிஸ்ரீ தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினாள். "திருத்தம். புத்தகத்தோட வச்சிக் கொடுக்கச் சொல்லி கமிட்டியில கேக்கப் போறேன்."

லுத்ஃபியா வாங்கிப் படித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சுலைஹா பள்ளியை விட்டு நின்ற காரணம், போதிய தகவல் கிடைக்காததால் பிழையாக இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறோம் என்று நாலு வரி.

"எந்தத் தகவல் கெடைக்கல, தேவி?"

"எழுதுற முறை அப்படி அக்கா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"பேனா வச்சிருக்கியா? 'தெரிந்தே மாற்றி எழுதினேன்'னு போட்டு உன் கையெழுத்தைப் போடு. உங்கப்பா பேரு வேணாம். உங்கக்கா பேரும் வேணாம். உன் பேரு மட்டும் போதும்."

தேவிஸ்ரீ தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படிப் போட்டா என் வேலைக்கே ஆபத்து அக்கா. ரிட்டையராக இன்னும் ஏழு வருஷம் இருக்கு. நான் தப்புப் பண்ணிட்டேன். உங்ககிட்ட எத்தனை தடவ வேணா சொல்றேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

"என்கிட்ட சொல்லி என்னா ஆகப்போவுது? எனக்குத்தான் உண்மை தெரியுமே. அந்த மண்டபத்துல இருந்தவங்களுக்குத்தானே தெரியாது."

தாளை லுத்ஃபியா திருப்பிக் கொடுத்தாள். தேவிஸ்ரீ அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அந்தத் திருத்தமாவது புத்தகத்தோடு போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாளோ என்னவோ, கொஞ்ச நேரம் நகரவில்லை. பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த நாலு வரித் தாளும் எந்தப் புத்தகத்தோடும் வரவில்லை.

லுத்ஃபியா பள்ளிக்கு எழுதினாள். மூன்று வாரம் கழித்துக் கணேஸ்வரனிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம், அடுத்த பதிப்பு வெளியிடும்போது குழு இதைப் பரிசீலிக்கும் என்று எழுதியிருந்தார். அடுத்த பதிப்பு எப்போது என்று எழுதவில்லை. அது நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்குத்தான் வரும் என்று ரிதுவான் கணக்குச் சொன்னான். ஃபேஸ்புக்கில் போட்டு நாறடிக்கலாம் மாமி என்றும் கேட்டான். லுத்ஃபியா வேண்டாம் என்றாள். அங்கே போட்டால் நாலு நாள் சண்டை போடுவார்கள், ஐந்தாம் நாள் நன்னாவின் தாடியை வைத்துச் சிரிப்பார்கள்.

அதற்குப் பதில் அவள் தானே எழுத உட்கார்ந்தாள். சாமான் பட்டியலும் கல்யாணப் பத்திரிகை மேல் விலாசமும் தவிர அவள் பெரிதாக எதுவும் எழுதியதில்லை. பத்து நாள் ஆனது. சைக்கிள், ஜமாஅத்தில் பேசிய பேச்சு, பன்னிரண்டு இடம், மூன்று தடவை போய் நின்றது, சிங்கப்பூர்ப் புத்தகங்கள், மாடியில் பாடம் சொன்ன வாத்தியார் எல்லாம் ஏழு பக்கம் வந்தது. ஃபாத்திஹா வந்து மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் லுத்ஃபியா தன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டாள். தேவிஸ்ரீயைப் பற்றி ஒரு வரி எழுதினாள்: 'புத்தகத்தை எழுதியவர் இந்தக் கடிதத்தைப் படித்திருந்தார்.' காளிதாஸைப் பற்றியோ இருசம்மாளைப் பற்றியோ எதுவும் எழுதவில்லை. ஃபாத்திஹா ஏன் என்று கேட்டாள். அதை எழுதினால்தானே அந்தப் பச்சைப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று தெரியும் என்றாள்.

"அது அவ வீட்டுக் கதை. அவ எழுதட்டும்" என்றாள் லுத்ஃபியா.

கடிதத்தின் நகலையும் சேர்த்து, தைத்து, மலாக்கா பொது நூலகத்துக்குக் கொண்டுபோனாள். மலாக்காவைப் பற்றிய நூல்கள் இருக்கும் பகுதியில் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி இருந்தார். உட்காரவைத்து, ஏழு பக்கத்தையும் முழுக்கப் படித்தார். கடிதத்தின் பின்பக்கத்தில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். லுத்ஃபியா மலாயில் ஒவ்வொரு தேதியாகச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். கணினியில் பதிந்து, எண் போட்ட சின்னத் தாளை அட்டையில் ஒட்டினார். பள்ளியின் புத்தகம் இருக்கும் தட்டிலேயே இதையும் பக்கத்தில் வைக்கிறேன், அதைத் தேடி வருகிறவர்கள் இதையும் பார்ப்பார்கள் என்றார். எத்தனை பேர் தேடி வருவார்கள் என்று லுத்ஃபியா கேட்கவில்லை.

வெளியே வந்து படியில் நின்றபோது மனசு லேசாக இருந்தது. அந்த எண்ணைப் போனில் படம் பிடித்திருந்தாள். உடனே யாருக்காவது அனுப்ப வேண்டும் போலிருந்தது. பெயர்களைத் தள்ளிக்கொண்டே போன விரல் 'தேவி' என்ற பெயரில் தானாக நின்றது. இந்த ஆறு வருஷத்தில் வாழ்க்கையில் எது நடந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். பழைய பதிவேடு, நூலக எண், ஒரு வரிக் குறிப்பு, இதற்கெல்லாம் துள்ளிக் குதிக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து வேறு யாருமில்லை.

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தை ரிதுவானுக்கும் ஃபாத்திஹாவுக்கும் அனுப்பினாள். ஃபாத்திஹா வேலையில் இருந்தாள் போலிருக்கிறது, பார்க்கவில்லை. ரிதுவான் கட்டை விரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினான்.

கிராப் வந்து நின்றது. லுத்ஃபியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.